வயிற்றுக்குக் கீழே நின்ற பொட்டு

பாறைக்குச் சேலை கட்டியிருந்தார்கள்.

மஞ்சள் சேலை, புதிது. கடை மடிப்புகூடக் கலையவில்லை. அடியில் மூன்று கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். சற்றுத் தள்ளி அடுப்பு மூட்டி, பெரிய பானைகளில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஐம்பது பேராவது இருப்பார்கள். போன தடவை நாங்கள் வந்தபோது எங்களைத் தவிர அங்கே ஒரு மயில்தான் இருந்தது.

வண்டியை நான் இன்னும் நிறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை யமுனா என் தோளைப் பிடித்தாள். பாறை ஏறுகிற கை. எலும்பு வரைக்கும் வலித்தது.

“ண்ணே, வழி மாறி வந்துட்டமா?”

வழி மாறவில்லை. திண்டுக்கல் சாலையில் வையம்பட்டியைத் தாண்டி, மண்பாதையில் இறங்கி, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் தனியாக நிற்கிற அதே பாறைதான். உச்சியில் வெடிப்புக்குள் வேர் விட்ட அதே இச்சி மரம். பாறையின் முகத்தில் கீழிருந்து மேலாக நான் வைத்த அடையாளங்களும் அப்படியே இருந்தன. வெள்ளை வட்டம், நடுவில் சிவப்பு வட்டம். கைக்கு எட்டியவற்றின் மேலெல்லாம் யாரோ குங்குமம் அப்பியிருந்தார்கள்.

ஸ்கூட்டரில் எங்கள் பின்னால் வந்த சுப்ரஜா ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். அவள் ஸ்ரீரங்கத்துப் பெண். யமுனா ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிப்பவள்.

“பெருமாளே! நம்ம பாறைக்கு யாருண்ணா கல்யாணம் பண்ணி வெச்சா?”

 நான் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யமுனா எவ்வளவு தூரம் ஏறினாள் என்று தெரிவதற்காக நான் வைத்தவை அவை. அவற்றைப் பார்த்தால் பொட்டு மாதிரி இருக்கும் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

என் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது.

நாங்கள் திருச்சி காட்டூர்க்காரர்கள். அப்பா பெயிண்டர், நானும் பெயிண்டர். எட்டாவதோடு நான் பிரஷ்ஷைப் பிடித்துவிட்டேன். யமுனா படித்தாள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. சின்ன வயதில் உயரம் என்றாலே நடுங்குவாள். பொங்கல் பானையைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னால், ஏணியில் இரண்டாவது படியிலேயே நின்றுகொண்டு, “ண்ணே, நீயே எடு” என்று அழுவாள். அப்படிப்பட்டவள் காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, ஏதோ ஒரு முகாமுக்குப் போய், இரண்டு முழங்காலும் தோலுரிந்து வந்து நின்றாள். அம்மா மருந்து போட்டுக்கொண்டே திட்டினாள். யமுனா என் பக்கம் திரும்பி, “ண்ணே, ஒரு பாறையில பாதி வரைக்கும் ஏறினேன்” என்றாள். பாதி என்று சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. முழுசாக ஏறியவர்கள்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

படிப்பை முடித்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மருந்து அலமாரியின் மேல் விளிம்பில் விரல் நுனிகளை மாட்டிக்கொண்டு தொங்குவாள். விரலுக்குப் பலம் வேண்டுமாம். ஒரு நாள் தன் அப்பா வேதாந்தத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த சுப்ரஜா அதைப் பார்த்துவிட்டாள். வேறு யாராவது பார்த்திருந்தால் கத்திக் கூட்டம் கூட்டியிருப்பார்கள். சுப்ரஜா கவுண்டரில் சாய்ந்துகொண்டு, “எவ்ளோ நேரம் தாங்கறது?” என்று கேட்டாளாம். அவள் பெங்களூரில் வேலை பார்த்தபோது பாறை ஏறப் பழகியவள். கயிறு, கொக்கி, இடுப்புப் பட்டை, கால் விரலை நெருக்கிப் பிடிக்கிற ரப்பர் ஷூ எல்லாம் வைத்திருந்தாள். கூட ஏற ஆள்தான் இல்லை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் அலைந்து, கடைசியில் இந்தப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். திருச்சிக்குள்ளேயே மலைக்கோட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே படியில் ஏறத்தான் விடுவார்கள்.

அம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா யமுனாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். காய்ப்புக் காய்ச்சிப் போயிருந்தது. அந்த அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். “வீட்டு வேலை பூரா நீதான் பாக்குறியாம்மா?” என்றார். எங்கள் அம்மா பின்னாலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள். யமுனா, “இல்லங்க, பாறை ஏறுவேன்” என்றாள். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

நான் அவர்களோடு போக ஆரம்பித்தது காவலுக்கு. கருவேலங்காட்டில் இரண்டு பெண்கள் தனியாக என்று அம்மா சொன்னதால் போனேன். போன முதல் நாளே அந்தப் பாறையைப் பார்த்து வாயடைத்துப் போனேன். மூன்று மாடிக் கட்டடம் உயரம். சாரம் கட்டாமல் அதில் என்னால் ஒரு அடிகூட ஏற முடியாது. பாதிக்கு மேலே பாறை வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் அதை வயிறு என்போம். வயிற்றைத் தாண்டிவிட்டால் உச்சிவரை சுலபம் என்பாள் சுப்ரஜா.

ஏறுகிற கஷ்டத்தைப் பொறுத்துப் பாறைகளுக்கும் வகுப்பு உண்டு என்று அவள்தான் சொன்னாள். இந்தப் பாறை ஆறாம் வகுப்பாம். எட்டாவது வரை படித்த எனக்கு ஆறு என்றதும் இளப்பமாகப் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, எண் ஒன்று கூடுவதற்குள் சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று. யமுனாவுக்கும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

“ஏறிட்டு இறங்கினா எல்லாம் ஒரே மாதிரி இருக்குண்ணே. போன வாரம் எங்க கைய விட்டேன், இந்த வாரம் எங்க விட்டேன்னு கீழேருந்து பாத்தா தெரிய மாட்டேங்குது. முன்னேறுறேனா, நின்ன எடத்துலயே நிக்கிறேனா?”

எனக்கு அதற்கு வழி தெரிந்தது. பெரிய சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது, நேற்று எதுவரை முடிந்தது என்று ஓரத்தில் ஒரு கோடு இழுத்து வைப்போம். அதையே இங்கே செய்தேன். பெயிண்ட் டப்பா மூடி அளவுக்கு ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, நீள மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, சுண்ணாம்பில் முக்கி, அவள் கடைசியாகப் பிடித்த இடத்தில் அழுத்தினேன். கீழே நின்று பார்த்தால் பருந்து எச்சம் மாதிரி இருந்தது. அதனால் நடுவில் சின்னதாக ரெட் ஆக்ஸைடு வைத்தேன். பளிச்சென்று தெரிந்தது. பாறையை அழுக்குப் பண்ணக் கூடாது என்று சுப்ரஜாவுக்குக் கோபம். மழையில் போய்விடும் என்று சமாதானம் சொன்னேன். போகவில்லை. சுண்ணாம்பில் பசை சேர்த்துத்தான் எனக்குப் பழக்கம். என் வேலை கரையாது.

யமுனா அதற்கு ஒரு சட்டம் போட்டாள். தொட்ட இடம் கணக்கில் வராது. பிடித்து, ஒரு மூச்சு இழுத்து விட்ட இடம்தான் கணக்கு. நான் கொஞ்சம் மேலே தள்ளி வைத்துவிட்டேனோ என்று கீழே வந்து ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்ப்பாள். ஒரு தடவை அழித்து வைக்கச் சொன்னாள்.

முதலில் ஆள் உயரத்துக்கு ஒரு அடையாளம் ஏறியது. அப்புறம் முழம் முழமாக. வயிற்றை நெருங்க நெருங்கச் சாண் சாணாக. வயிற்றுக்கு நேர் கீழே வந்ததும் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு நின்றன. பங்குனிக் கடைசியில் அந்த இடத்தில் தொங்கும்போது அவளுடைய மோதிர விரலில் நரம்பு பிசகிவிட்டது. ஓய்வு என்று டாக்டர் சொன்னார். வெயிலும் வந்துவிட்டது. ஆடி பிறந்து, விரல் சரியாகி, அன்றுதான் திரும்ப வந்திருந்தோம்.

வந்து பார்த்தால் சேலை.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எங்களை நோக்கி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கரண்டி.

“வாங்க, வாங்க. திருச்சியா? அங்கயும் தெரிஞ்சு போச்சா? செருப்ப மட்டும் அங்கயே விட்டுருங்க, தாயி. கூழு குடிச்சுட்டுத்தான் போவணும்.”

அவர் பெயர் பொன்னுத்தாய், அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் மெல்லக் கேட்டேன்.

“இது என்ன சாமிங்க?”

“பொட்டம்மா. யாரும் வைக்கல தம்பி, பொட்டு தானா வந்துச்சு. நான்தான் மொதல்ல பாத்தது. ஞாயித்துக்கிழம கறி ஆக்கித் தின்னுட்டு வீட்டுல கெடப்போம், இந்தப் பக்கம் யாரும் வரமாட்டோம். திங்கக்கிழம ஆடு ஓட்டிக்கிட்டு வந்தா, பொட்டு ஒண்ணு மேல ஏறி நிக்கும். மொதல்ல ஆளு உசரம். அப்புறம் மொழம் மொழமா. அப்புறம் சாணு சாணா. நம்ப மாட்டீங்க.”

 யமுனாவின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் யாரோ ஒருத்தர் திங்கட்கிழமைகளில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். முழம், சாண் உட்பட.

“இப்ப வயித்துக்குக் கீழ வந்து நின்னுருச்சு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிறு என்று நாங்கள்தானே பெயர் வைத்தோம்?

“வயிறுங்களா?”

“பின்ன? பாத்தா தெரியலயா? அம்மா மாசமா இருக்கா. மேல மரத்தப் பாருங்க.”

இச்சி மரத்தில் துணித் தொட்டில்கள் தொங்கின. பொன்னுத்தாயின் மகள் மகாலட்சுமியைத் துறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். ரொம்ப நாளாகக் குழந்தை இல்லை. பொட்டு ஏறிக்கொண்டிருந்த நாளில் இங்கே வந்து ஒரு தொட்டில் கட்டினாள். உண்டாகிவிட்டது. மரத்தில் சிக்கிய கந்தல் என்று நாங்கள் நினைத்திருந்த துணி அதுதான். மகள் உண்டானது பங்குனிக்கு அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்ததாம், அதிலிருந்துதான் ஊரே வர ஆரம்பித்தது.

“இப்ப நெறமாசம் அவளுக்கு. அந்த நேரம் பாத்துப் பொட்டு நின்னுருச்சு தம்பி. பங்குனியில நின்னது, இன்னிய வரைக்கும் ஏறல. நாங்க என்ன குத்தம் பண்ணினோம்னு தெரியல. அதான் ஆடி ஞாயிறு கூழு ஊத்திப் பாப்போம்னு...” கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு உறக்கமே இல்ல.”

அவர் கூழ் கிண்டப் போனதும் நான் யமுனாவின் கையைப் பிடித்து வண்டி அருகே இழுத்தேன்.

“கெளம்பு. சத்தம் போடாம போயிரலாம்.”

“ஆமாடி” என்றாள் சுப்ரஜா. “வேற பாறை பார்த்துக்கலாம். இவாகிட்ட என்னன்னு சொல்றது?”

“வேற பாறை எங்கக்கா இருக்கு?” யமுனா கையை உதறிக்கொண்டாள். “ஒன்றரை வருஷமா இந்த ஒண்ணுதான். இன்னும் ரெண்டு சாண் ஏறினா வயித்தத் தாண்டிருவேன். இப்ப போனா திரும்ப வரவே முடியாது. அடுத்த வருஷம் இங்க கொட்டகை போட்டு உண்டியல் வச்சிருவாங்க.”

“அதுக்காக?” என்றேன்.

“அந்தக்கா அழுவுறாங்கண்ணே. என் வெரல் பிசகினதுக்கு அவங்க என்ன குத்தம் பண்ணினாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துவிட்டாள். நேராகப் பொன்னுத்தாயின் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொட்டு சாமி வச்சது இல்ல. நான் ஏறுவேன், எங்கண்ணன் அடையாளம் வைப்பாரு. பங்குனியில எனக்குக் கையில அடி. அதான் நின்னுருச்சு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.”

கூழ் கிண்டுகிற சத்தம் நின்றது. பொன்னுத்தாய் என் தங்கையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், மறுபடி தங்கையைப் பார்த்தார்.  பின்னாலிருந்து ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பொன்னுத்தாயின் கொழுந்தன் காத்தமுத்து. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சேலை, சூலம் எல்லாம் அவர் ஏற்பாடு.

“என்னம்மா, அம்மன்கிட்ட வந்து வெளையாட்டா? இதுல நீ ஏறினியா? எங்க ஊரு எளவட்டம் ஒருத்தனும் இதுல ரெண்டு ஆளு உசரம் தாண்டினதில்ல. நீ ஏறினியாக்கும்!”

நான் பையைத் திறந்தேன். பேசி ஜெயிக்கிற ஆள் இல்லை நான். வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சை எடுத்தேன். ஓரத்தில் காய்ந்த சுண்ணாம்பு இன்னும் இருந்தது. சேலை முந்தானைக்கு மேலே, கைக்கு எட்டிய வட்டம் ஒன்றில் குங்குமத்தை ஒதுக்கிவிட்டு அதை வைத்தேன். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. சின்ன ஸ்பாஞ்சைச் சிவப்பின் மேல் வைத்தேன். அதுவும் பொருந்தியது.

கூட்டத்தில் யாரோ “அடி ஆத்தி” என்றார்கள். பொன்னுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்த ஸ்பாஞ்ச் பாறாங்கல் மாதிரி கனத்தது.

காத்தமுத்து விடுவதாக இல்லை. “சரி, பொட்டு நீங்க வச்சதாவே இருக்கட்டும். ஆனா புள்ள ஏறுச்சுங்கறத நான் நம்ப மாட்டேன். ஏறட்டும். இப்ப, எங்க கண்ணு முன்னால. ஏறிட்டா பேசலாம். ஏறலைன்னா இந்தப் பக்கம் தலகாட்டக் கூடாது.”

“ஏறுறேன்” என்றாள் யமுனா.

ஷூவைக் கையில் எடுத்ததும், “செருப்பு கூடாது” என்றார் காத்தமுத்து.

சுப்ரஜா முன்னால் வந்தாள். “இது செருப்பு இல்லீங்க. காலுக்கு ஒரு உறை மாதிரி. பாறைல வழுக்காம இருக்கறதுக்கு.”

“உங்களுக்கு எந்த ஊரு?”

“ஸ்ரீரங்கம்.”

“ரெங்கநாதர் கோயிலுக்குள்ள காலுக்கு ஒற போட்டுக்கிட்டுப் போவீங்களா?”

சுப்ரஜா ஷூவை வாங்கிப் பைக்குள் வைத்தாள். “நியாயமாத்தாண்டி கேக்கறார்” என்று யமுனாவின் காதில் சொன்னாள்.

கயிற்றை எடுத்ததும் அதற்கும் தடை வந்தது. தொட்டில் கட்டிய மரத்தில் வேறு கயிறு கட்டக் கூடாது. யமுனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “கயிறு இல்லாம ஏற மாட்டேன்.”

“பாத்தியா? பயம்!” காத்தமுத்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “அன்னிக்கு ஏறினப்ப கயிறு இருந்துச்சாக்கும்?”

“இருந்துச்சுங்க” என்றேன். “ஒவ்வொரு தடவையும்.”

தரையிலிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டினார்.

“கயிறு கட்டட்டும்.”

“மதினி, நீங்க சும்மா...”

“புள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா? அவ ஆத்தாகாரிக்கிட்ட நீ போயி நிப்பியா? கட்டட்டும்னா கட்டட்டும்.”

நானும் சுப்ரஜாவும் பாறையின் பின்பக்கச் சரிவு வழியாக உச்சிக்கு நடந்து போனோம். தொட்டில்கள் நசுங்காமல் ஒதுக்கிவிட்டு, அடிமரத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, கொக்கி மாட்டி, கயிற்றை இறக்கினோம். நான் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பழக்கமான முடிச்சு. ஆனாலும் மூன்றாவது தடவையும் இழுத்தேன். இன்று என் தங்கை வெறுங்காலோடு ஏறப் போகிறாள். அப்படி ஏறியதே இல்லை. விரல் ஆறி இப்போதுதான் முதல் தடவை. வயிறு வரைகூட வராமல் விழுந்தால் பாறை போயிற்று. பொய் சொன்னவர்கள் என்ற பேரும் வந்து சேரும்.

கீழே வந்தோம். யமுனா இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மரத்தைச் சுற்றி இறங்கிய மறுமுனையைச் சுப்ரஜா தன் பட்டையில் மாட்டிக்கொண்டாள். நட்ட கல்லை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேலையை மிதிக்காமல் ஓரமாகக் கை வைத்து ஏறத் தொடங்கினாள்.

முதல் வட்டம். இரண்டாவது. அவள் கை அவற்றைக் கடந்து போகப் போக, கீழே பேச்சு குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊரில் சாரத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குரங்கு மாதிரி விடுவிடுவென்று ஏறுவார்கள். யமுனா அப்படி ஏறுவதில்லை. மருந்துப் பட்டியலைப் படிக்கிற மாதிரி நிதானமாக ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, பிறகுதான் கையை வைப்பாள். காத்தமுத்து மடித்துக் கட்டிய வேட்டியை எப்போது இறக்கிவிட்டார் என்று தெரியவில்லை. வாய் பிளந்து அண்ணாந்து நின்றார்.

வயிற்றுக்குக் கீழே உரசிக்கொண்டிருந்த வட்டங்களுக்கு வந்து சேர்ந்தாள். எத்தனையோ ஞாயிறு அவளைத் திருப்பி அனுப்பிய இடம். அங்கே வலது காலை உயர்த்தி வைப்பாள், ஷூ வழுக்கும், கை விட்டுப்போகும். அதுதான் வழக்கம். அன்று வெறுங்காலை உயர்த்தினாள். கால் விரல்கள் பாறைமேல் அங்கும் இங்கும் தடவின. ஓரிடத்தில் நின்றன. பாறையில் அங்கே ஒரு நெளிவு இருந்ததாம். ஷூவுக்குள் இருந்தவரை அது அவளுக்குத் தெரியவே இல்லையாம். கட்டைவிரலை அதில் ஊன்றி எழும்பினாள். வலது கை வயிற்றின் மேல் வளைவுக்குப் போனது.

பிடித்தது.

சுப்ரஜா என் பக்கம் திரும்பாமலே, “அண்ணா!” என்றாள். அவள் கண் கயிற்றிலிருந்து நகரவில்லை.

யமுனா ஒரு மூச்சு இழுத்து விட்டாள். முதுகு ஏறி இறங்கியது கீழே வரைக்கும் தெரிந்தது. அப்புறம் இடது கையை இன்னும் மேலே இருந்த விளிம்புக்கு வீசினாள். விரல் நுனி பட்டது. நான் பார்த்தேன். பட்டதும் கால் நழுவியது.

பெண்கள் அலறினார்கள். கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டது. யமுனா காற்றில் ஊசலாடி, பாறையில் தோள் மோதி, நின்றாள். சுப்ரஜா தரையிலிருந்து ஒரு அடி தூக்கப்பட்டு மறுபடி ஊன்றினாள். அலறியவர்களில் இரண்டு பேர் சுப்ரஜாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்கோ, விடுங்கோ! அவளை இறக்கணும்!”

மெல்ல இறக்கினோம். யமுனாவின் கால் கட்டைவிரல் கிழிந்து ரத்தம் வந்தது. உச்சிக்குப் போகவில்லை. வயிற்றைத் தாண்டவும் இல்லை. ஒரு பிடி கூடியிருந்தது, அவ்வளவுதான். அது இவர்களுக்குப் போதுமா என்று தெரியாமல் நான் காத்தமுத்துவைப் பார்த்தேன்.

அவர் இன்னும் அண்ணாந்தே நின்றார். “அம்மாடி” என்றார். அப்புறம் தலையைச் சொறிந்தார். “ஞாயித்துக்கிழம வந்து ஏறிக்கங்க. செருப்பு கூடாது. கயிறு தொட்டில் மேல படக் கூடாது.”

பொன்னுத்தாய் அவரைத் தள்ளிக்கொண்டு யமுனாவிடம் வந்தார். அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் காய்ப்புகளைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி” என்று என்னைக் கூப்பிட்டார். “பொட்டு வைக்கல?”

எனக்கு விளங்கவில்லை. “இனிமேலும் வைக்கணுமாங்க?”

“மதினி” என்றார் காத்தமுத்து. “அதான் அம்மன் இல்லன்னு ஆயிப் போச்சே.”

“நீ கம்முனு கெட. ஏறுச்சுன்னுதானே கும்பிட்டோம்? ஏறுச்சா இல்லையா? நீயும்தானே வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்த?” என்னிடம் திரும்பினார். “போ தம்பி. எம் மகளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பொட்டு ஏறிருச்சுன்னு அவளுக்கு நான் போன் பண்ணணும்.”

வயிற்றின் மேல் வளைவுக்குக் கீழிருந்து கம்பு எட்டாது. கம்பையும் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி உச்சிக்குப் போனேன். மரத்தடியில் என் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்து, சுண்ணாம்பில் முக்கிய ஸ்பாஞ்சைக் கீழே நீட்டினேன். தலைக்குப் பக்கத்தில் தொட்டில்கள் ஆடின. கீழே ஐம்பது முகங்கள் அண்ணாந்திருந்தன. என் பெயிண்ட் வேலையை இத்தனை பேர் பார்த்ததில்லை.

“இன்னும் மேல தம்பி!” பொன்னுத்தாய் கத்தினார். “அந்த வெளிம்புல கை பட்டுச்சு! நான் பாத்தேன்!”

“இல்லக்கா!” இது யமுனா. “அது தொட்டதுதான். புடிக்கல. ண்ணே, கீழ வை!”

“தொட்டா ஏறினதுதான்!”

“இல்லக்கா, அது கணக்குல வராது.”

“ஒரு சாணு கூட வச்சா என்ன கொறஞ்சு போயிரும்? அம்மாவுக்குத்தானே?”

“பொய்யாயிரும்க்கா!”

“அடி, இவ்வளவு பேரு கண்ணால பாத்திருக்கோம், பொய்யாம்ல?”

“ண்ணே, கீழ!”

“தம்பி, மேல!”

காத்தமுத்து சிரிக்கிற சத்தம் கேட்டது. என் கம்பு அங்கும் இங்கும் ஆடியது. சுண்ணாம்பு ஒரு சொட்டு, சேலைமேல் விழுந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, என் தங்கை ஒரு மூச்சு இழுத்து விட்ட இடத்தைத் தேடி, அங்கே அழுத்தினேன். காயும் வரை காத்திருந்து சிவப்பை வைத்தேன்.

கீழே ஒருத்தி குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளும் இந்த வேலைக்கு மயில்தான் கத்தியிருக்கிறது.

வட்டம் கொஞ்சம் பிசகியிருந்தது. என் கை அப்படி வைக்காது. சரி செய்யலாமா என்று கீழே பார்த்தேன். யமுனாவைக் கல்லில் உட்கார வைத்து, கிழிந்த கட்டைவிரலில் மஞ்சளை அப்பி, பொன்னுத்தாய் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாண் விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரி என்று. கையில் ஒரு சொம்பு கூழைத் திணித்தார். யமுனா குடித்துக்கொண்டே தலையை உயர்த்தி, நான் வைத்த இடம் சரிதானா என்று பார்த்தாள்.